சாகிற பக்கம்

எங்கள் அண்ணி மாலை வேளைகளில் செத்துக்கொண்டிருந்தாள், அதுவும் வருஷக்கணக்காக. கிண்டலுக்குச் சொல்லவில்லை. டயர் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் ஜப்பானியத் தற்காப்புக் கலைப் பள்ளியில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேலையே அதுதான். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் வருவது அந்த எரிச்சல்தான். வரட்டும்.

அங்கே சொல்லித் தருவது வாள் வித்தை. மரத்தால் செய்த வாள்தான், ஆனால் மண்டையில் பட்டால் மண்டை உடையும். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். யார் முதலில் வெட்ட வருவது, யார் எந்தப் பக்கம் விலகுவது, கடைசியில் யார் கழுத்தருகே யார் வாள் வந்து நிற்பது எல்லாம் பல தலைமுறைக்கு முன்பே முடிவு செய்யப்பட்டவை. அதை இம்மி பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் எப்போதும் ஜெயிக்கும், இன்னொரு பக்கம் எப்போதும் தோற்கும். நாங்கள் பேச்சுவாக்கில் ஜெயிக்கிற பக்கம், சாகிற பக்கம் என்போம். அண்ணி சாகிற பக்கம்.

அண்ணி வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் தலையைத் தூக்காமல் கேட்பான். "இன்னைக்கு எத்தனை கொலை?"

"நிறைய. உன்னைத் தவிர எல்லாரும் என்னைக் கொன்னுட்டாங்க. நீ சாப்பாட்டுத் தட்டைக் கழுவாம வச்சு மெதுவா கொல்லு" என்பாள். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருகிறவனுக்கு இப்படி ஒரு சிரிப்பு தேவைப்பட்டது. அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

நாத்தனாரும் அண்ணியும் என்றால் எலியும் பூனையுமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பார்லருக்கு வந்து பார்க்கலாம். பெண்களுக்கான முடிதிருத்தும் கடை அது. நானும் அவளும் சேர்ந்து நடத்துகிறோம். கத்தரி அவள் கையில், சாயக்கிண்ணம் என் கையில். அண்ணி ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. வீட்டிலேயே கண்டதைத் தலையில் பூசிக்கொண்டு வந்து நிற்கிற பெண்களை அவள் கேட்கிற கேள்வியில் கடையே சிரிக்கும். "இது என்ன, தலைக்குச் சாயமா, இல்ல சுவருக்கு அடிச்சதுல மிச்சமா?" என்பாள். திட்டு வாங்கினவர்களே மறுமாதம் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவள் விரல் நுனியால் தாடையை லேசாகத் தொட்டால் போதும், தலை அது பாட்டுக்குத் திரும்பும். "குனியுங்க, நிமிருங்க" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் அந்தப் பள்ளியில் சேர்ந்ததற்கும் பெரிய காரணம் கிடையாது. நின்று நின்று இடுப்பு வலி. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். தெருவில் இருந்த ஜிம்முக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

"நாலு பக்கமும் கண்ணாடிடீ அங்க. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் கண்ணாடியையே பாத்துக்கிட்டு நிக்கறேன். கண்ணாடி இல்லாத இடமா ஒண்ணு எனக்கு வேணும்."

டயர் கடை மாடியில் கண்ணாடி இல்லை. நீளமான ஒற்றை அறை. தரையில் ஒன்றோடொன்று கோத்த பச்சை நிறப் பாய்கள். சுவரில் மரவாள்களைச் சாத்தி வைக்கிற தட்டு. எதிர்ச்சுவரில் மாஸ்டர் தாவுகிற படம், மாஸ்டர் வெட்டுகிற படம், மாஸ்டர் கைகட்டி நிற்கிற படம். பகல் வெயிலில் காய்ந்த ரப்பர் வாடை கீழேயிருந்து ஏறும். அண்ணிக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. பிறகு துணைக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். எனக்கு வாள் வரவில்லை, கோபம்தான் வந்தது. அது அப்புறம்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால் நேரம் போவதே தெரியாமல் கேட்டுக்கொண்டு நிற்கிற ஆள். இளம் வயதில் வெளியூரில் ஒரு ஜப்பானிய ஆசிரியரிடம் தங்கிக் கற்றவர். புதிதாக யார் சேர்ந்தாலும் அவர்களுக்கு முதல் நாள் பாடமே இந்தக் கதைதான்: "என் குரு பெரிய ஆளு. ஆனா ஒண்ணு, கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட அவரால என்னை ஜெயிக்க முடியல." புதுப் பையன்கள் வாயைப் பிளப்பார்கள். மாஸ்டர் அடக்கத்தோடு தரையைப் பார்ப்பார். அந்த அடக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி சேர்ந்த அன்று அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ அந்தப் பக்கம் நில்லும்மா. சும்மா வாளை இப்படி ஓங்கிட்டு வா, மத்தது நான் பாத்துக்கறேன்" என்றார். அப்படி நின்றவள்தான். மாஸ்டருக்கு எதிரே சாக ஒரு ஆள் வேண்டும். மாஸ்டரின் மனைவியின் தம்பி, அவனுக்கும் ஒரு ஆள் வேண்டும். அவனை மாஸ்டர் மச்சான் என்று கூப்பிடுவதால் பள்ளியே மச்சான் என்றுதான் கூப்பிடும், வாண்டுப் பிள்ளைகள்கூட "மச்சான் சார்" என்பார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் ஒரு ஆள் வேண்டும். எல்லாருக்கும் சேர்த்து அண்ணி. "அந்தம்மாவுக்குப் பழகிடுச்சு, அவங்க சாகட்டும்" என்று மாஸ்டர் சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள், அண்ணியும் சிரிப்பாள்.

ஒழுங்காகச் சாவது லேசுப்பட்ட வேலை இல்லை. எனக்கு இது தெரிய ரொம்ப நாள் ஆயிற்று. சாகிற பக்கம் நிற்பவர்தான் முதலில் வெட்ட வர வேண்டும். அந்த வெட்டு பொய்யாக இருந்தால் எதிரில் இருப்பவர் விலகவே கற்றுக்கொள்ள மாட்டார். நிஜமாக இருந்து, எதிரில் இருப்பவர் அசந்துவிட்டால், மண்டை போய்விடும். அண்ணி நிஜமாக வருவாள். ஆனால் எதிரில் நிற்பவர் எவ்வளவு தாங்குவார் என்பது அவளுக்குத் தெரியும். பயந்தவனிடம் ஒரு மூச்சு தாமதித்து வருவாள். அவசரக்காரனிடம் சட்டென்று வந்து அவனைத் திணறடிப்பாள். பிறகு, அவன் வாள் எங்கே வர வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் தன் கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பார்லரில் தாடையைத் தொட்டுத் தலையைத் திருப்புகிற அதே வேலைதான். எதிரில் நிற்பவன் தானாகவே சரியாக வெட்டினேன் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் போவான். அவளிடம் தேறாமல் போனது நான் ஒருத்திதான்.

அவள் ஆசைப்பட்டதும் ஒன்றே ஒன்றுதான். அதை ஒளிக்கவும் இல்லை. பெண்களுக்கென்று காலையில் ஒரு வகுப்பு ஆரம்பிக்க வேண்டும், அதை அவள் நடத்த வேண்டும். முடி வெட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியாகப் பேசிப் பேசி அவள்தான் ஆள் சேர்த்தாள். கழுத்து வலி என்று வந்த வங்கிக்காரி, மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து பேச்சே குறைந்துபோன டீச்சரம்மா, மருந்துக் கடையில் நிற்கிற பெண், இன்னும் பலர். எல்லாரும் நாற்காலியில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடி தலையாட்டியவர்கள். அண்ணி சொல்லித் தருவாள் என்றுதான் தலையாட்டினார்கள்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நல்ல யோசனைம்மா! இத்தனை பேரா?" என்றார். யார் நடத்துவது என்று கேட்டதும் மலர்ச்சி கொஞ்சம் வாடியது.

"அதுக்குக் கருப்புப் பட்டை வேணுமேம்மா. பரீட்சைக்கு ஜப்பான்லேர்ந்து ஆள் வர்றாங்க. பரீட்சையில ஜெயிக்கிற பக்கம்தான் செஞ்சு காட்டணும். நீ அந்தப் பக்கம் செஞ்சதே இல்லையே?"

"நீங்க விட்டாத்தானே மாஸ்டர் செய்யறதுக்கு?"

"பாக்கலாம், பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பரீட்சைக்கு மாஸ்டர் அனுப்பிய பெயர்களில் மச்சான் இருந்தான், இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அண்ணியை வரச் சொல்லியிருந்தார், எதிரே நின்று சாவதற்கு. நான் குதித்தேன். "போகாதீங்க அண்ணி. அன்னைக்கு ஆள் இல்லாம முழிக்கட்டும்" என்றேன். அண்ணி கேட்கவில்லை. "அந்தப் பசங்க என்னடீ பாவம் பண்ணினாங்க? நான் இல்லேன்னா தடுமாறிடுவாங்க" என்று சீருடையைத் தேய்த்து வைத்தாள்.

பரீட்சகர் ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். கூட மொழிபெயர்க்க ஒரு பெண். அவர் வருகிறார் என்று மாஸ்டர் தன் படங்களையெல்லாம் துடைத்து வைத்திருந்தார். பரீட்சகர் படங்களைப் பார்க்கவில்லை. நேரே போய் மடித்துப் போட்ட காலில் உட்கார்ந்தார், ஆரம்பியுங்கள் என்று கையைக் காட்டினார்.

ஒவ்வொருத்தராக வந்தார்கள், ஒவ்வொருத்தரிடமும் அண்ணி செத்தாள். மச்சான் அன்றைக்கு நடுங்கிக்கொண்டிருந்தான். நடுவில் எந்தக் காலை எடுத்து வைப்பது என்று மறந்துபோய் நின்றேவிட்டான். அண்ணி ஓங்கிய வாளை மேலேயே வைத்துக்கொண்டு, அவன் வலது காலை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு ஞாபகம் வந்தது. வெட்டினான். அவள் கண்ணால் சொல்லிக்கொடுத்தது எனக்குத் தெரிந்தது, பரீட்சகருக்கும் தெரிந்தது.

எல்லாம் முடிந்ததும் அவர் எழுந்தார். மாஸ்டர் கைகுலுக்கத் தயாராக நின்றார். அவர் மாஸ்டரைத் தாண்டி நடந்துபோய், ஓரமாக என் பக்கத்தில் வியர்வை துடைத்துக்கொண்டிருந்த அண்ணிக்கு முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையைத் தொடும்படி வணங்கினார். அண்ணி பதறிப்போய் துண்டைப் போட்டுவிட்டுத் தானும் குனிந்தாள்.

"நீங்க எத்தனை வருஷமா இங்க சொல்லித் தர்றீங்கன்னு கேக்கறார்" என்றாள் மொழிபெயர்க்கிற பெண்.

"நானா? நான் சொல்லித் தரலீங்க. நான் சும்மா எதிரே நிக்கறவ."

அந்தப் பெண் அதைச் சொன்னதும் பரீட்சகர் புருவத்தைச் சுருக்கினார். நீளமாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னாள்.

"அவங்க கலையில தோக்கற பக்கம் நிக்கறது எப்பவும் ஆசிரியர்தானாம். கத்துக்கறவங்களைத்தான் ஜெயிக்கற பக்கம் நிறுத்துவாங்களாம். எங்க இடம் கொடுக்கணும், எப்பக் கொடுக்கணும்னு தெரிஞ்சவங்களாலதான் தோத்துச் சொல்லித்தர முடியும்கறார். அதனால உங்களைத்தான் இந்தப் பள்ளியோட ஆசிரியர்னு நினைச்சுட்டாராம்."

கீழே டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொருத்தர் மனசிலும் அது மெல்ல மெல்ல ஏறியது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தன் குருவால் கடைசி வரைக்கும் தன்னை ஜெயிக்கவே முடியவில்லை என்று வருஷக்கணக்காக மாஸ்டர் மார்தட்டிக்கொண்டிருந்தாரே, அந்தக் கதை! அந்தக் குரு நாளெல்லாம் தோற்றுத் தோற்றுச் சொல்லித் தந்திருக்கிறார். இவர் தினமும் ஜெயித்துவிட்டோம் என்று தூங்கப் போயிருக்கிறார். தானே குருவான பிறகும் ஜெயிக்கிற பக்கத்தை விட மனசில்லாமல், சொல்லித் தருகிற வேலையை முழுக்க வந்தவள் தலையில் கட்டிவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். அண்ணி என் தொடையில் கிள்ளினாள்.

பரீட்சகர் அண்ணியைக் காட்டி இன்னொரு கேள்வி கேட்டார். இவர் பெயர் ஏன் பரீட்சைக்கு வரவில்லை?

"அந்தம்மாவுக்கு வீடு, கடைன்னு ஆயிரம் வேலை. இதுல எல்லாம் ஆர்வம் இல்லைன்னு சொல்லிடுங்க" என்றார் மாஸ்டர்.

அவள் பக்கத்திலேயே நிற்கிறாள்! அவள் வாய் அவளிடம்தான் இருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்தே விட்டேன். ஆனால் அண்ணியே பேசினாள்.

"எனக்கு ஆர்வம் இருக்கு. அதையும் சேத்துச் சொல்லுங்க."

அந்தப் பெண் இரண்டையும் சொன்னாள். பள்ளித் தலைவர் அனுப்புகிற பெயர்களுக்கு மட்டும்தான் தன்னால் பரீட்சை வைக்க முடியும் என்றார் பரீட்சகர். அடுத்த முறை முதல் பெயராக இவர் பெயர் வரட்டும் என்றார். மாஸ்டர் தலையை ஆட்டின வேகத்தில் கழுத்து சுளுக்கியிருக்கும். மச்சானுக்கு அன்றைக்கே கருப்புப் பட்டை கிடைத்தது.

படியிறங்கும்போது அண்ணி பாதியில் நின்றாள். "ஏன்டீ, என்னைப் போய் ஆசிரியர்னு நினைச்சிட்டாரே!" என்று சொல்லிவிட்டு, பழைய டயர் அடுக்கில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம் அடுத்த வகுப்பு வரைக்கும்தான் இருந்தது.

அடுத்த வகுப்பில் மாஸ்டர் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து ஒரு அறிவிப்புச் செய்தார். குரலில் அப்படி ஒரு பக்குவம், என்னவோ தவமிருந்து கண்டுபிடித்த மாதிரி.

"இந்தக் கலையோட உயர்ந்த தத்துவம் தோக்கறதுலதான் இருக்கு. இத்தனை நாளா நீங்க அதுக்குத் தயாராகலைன்னு நான் சொல்லாம இருந்தேன். இன்னையிலேர்ந்து தோக்கற பக்கம் பெரியவங்களுக்கு. அதாவது எனக்கு. எனக்கு அடுத்து, பட்டை வாங்கின மச்சானுக்கு. மத்தவங்க எல்லாரும் ஜெயிக்கற பக்கம்." அண்ணி பக்கம் திரும்பி, "உனக்கும் ப்ரொமோஷன்மா! இனிமே நீயும் ஜெயிக்கலாம். சந்தோஷம்தானே?" என்றார்.

கேவலம், சாகிற இடம். யாரும் வேண்டாம் என்று அவள் தலையில் கட்டின இடம். அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்த மறுநிமிடம் அதையும் பிடுங்கிக்கொண்டார்! அதோடு விட்டாரா? பெண்கள் வகுப்பு அடுத்த வாரம் ஆரம்பம், அதை மச்சான் நடத்துவான், பட்டை அவனிடம்தானே இருக்கிறது என்றும் சொன்னார். அறிவிப்புப் பலகையில் அவன் பெயரை எழுதி ஒட்டியும் விட்டார்.

அன்று வீடு வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். "பார்லருக்குப் பின்னாடி இடம் கிடக்கு. நாற்காலியை நகத்திட்டு அங்கேயே ஆரம்பிப்போம். வர்ற பொம்பளைங்க எல்லாம் உங்களுக்காக வர்றவங்க. இவர் யாரு?" என்றேன்.

"திருட்டுத்தனமாவா?" என்றாள். "நான் எதுக்குடீ திருடணும்? என்னோடதை எடுக்க நான் பின்வாசல் வழியா ஏன் போகணும்?"

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல. ஆனா முதல் நாள் போவேன். நான் கூப்பிட்டு வந்தவங்க. அவங்களை அந்த மச்சான்கிட்ட விட்டுட்டு என்னால கடையில நின்னு முடி வெட்ட முடியாது."

சொல்லிவிட்டாள், ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் கடையில் யாரையும் கிண்டல் செய்யவில்லை. ஒரு பெண் தலையில் ஆரஞ்சு நிறம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். அண்ணி ஒன்றும் கேட்காமல் துணியைப் போர்த்தி வேலையைப் பார்த்தாள். அதைப் பார்க்க எனக்கு மாஸ்டர் மேல் இருந்த கோபம் இரட்டிப்பாயிற்று.

முதல் நாள் காலை. பெண்கள் எல்லாரும் கஞ்சி போட்ட மாதிரி விறைத்த புதுச் சீருடையில், யார் பட்டையை யார் கட்டிவிடுவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியைப் பார்த்ததும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மச்சான் கை தட்டி வரிசையில் உட்காரச் சொன்னான். மாஸ்டர் வந்தார். தோற்பதுதான் ஆசிரியனுக்கு அழகு, தோற்கிற பக்கம் நிற்பவரே குரு, இதுதான் இந்தக் கலையின் உயிர் என்று ஒரு பிரசங்கம் செய்தார். பரீட்சை நாள் வரைக்கும் தெரியாத விஷயத்தைத் தாத்தா காலத்துச் சொத்து மாதிரி அள்ளி வீசினார். பெண்கள் பயபக்தியோடு கேட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப செஞ்சே காட்டறேன். வாம்மா, நீ ஜெயிக்கற பக்கம் நில்லு" என்று அண்ணியைக் கூப்பிட்டார்.

இரண்டு பேரும் வணங்கினார்கள். மாஸ்டர்தான் முதலில் வெட்ட வர வேண்டும். வந்தார். ஆனால் அந்த வெட்டு பாதி வழியிலேயே நின்றது, கிட்டே வர அவருக்குத் தைரியம் வரவில்லை. அண்ணி விலகினாள். அவள் வாள் சரியான இடத்துக்கு, அவர் கழுத்தை நோக்கிப் போயிற்று. அவர் கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த வேலையைத்தான் அண்ணி இத்தனை வருஷம் செய்தாள். அவரால் முடியவில்லை. தன்னை நோக்கி ஒரு வாள் வருவதைப் பார்த்ததும் அவர் கை தன் இஷ்டத்துக்குக் கிளம்பி, அவள் வாளை ஓங்கித் தட்டிவிட்டது. தட்டின வாள் சறுக்கி அண்ணியின் வலது கட்டைவிரலில் விழுந்தது. அந்தச் சத்தம் அறைக் கோடி வரைக்கும் கேட்டது.

கத்தரி பிடிக்கிற விரல்.

"நீ லேட்டும்மா" என்றார் மாஸ்டர்.

நான் எழுந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேன், என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அண்ணி என்னைப் பார்க்காமலே "உக்காரு" என்றாள். விரலை ஒரு முறை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். மறுபடி வாளைப் பிடித்தாள். "இன்னொரு தடவை வாங்க மாஸ்டர்" என்றாள். அவர் வந்தார். மறுபடியும் அதேதான், கழுத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் அவர் கை கிளம்பித் தட்டியது. இந்த முறை அண்ணி கையை விலக்கிக்கொண்டுவிட்டாள். இப்படித்தான் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் வாள் காற்றை வெட்டிக்கொண்டு போக, அவரே ஒரு அடி தடுமாறினார். வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

அண்ணி வாளைத் தாழ்த்தினாள். புதிதாக வந்த பிள்ளைகளிடம் பேசுவாளே, அந்தக் குரலில், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல் சொன்னாள்.

"அந்தப் பக்கம் உங்களுக்கு இன்னும் வரல மாஸ்டர். பரவாயில்ல. வாங்க, இந்தப் பக்கம் நில்லுங்க."

சொல்லிவிட்டு நடந்துபோய் சாகிற பக்கத்தில் நின்றாள்.

அந்தப் பக்கம் நிற்பவர் யார் என்பதை அவரே ஐந்து நிமிஷம் முன்னால்தான் இத்தனை பெண்களிடம் தொண்டை கிழியச் சொல்லியிருந்தார். மாஸ்டர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையில் மின்விசிறி சுற்றுவதை ஆராய்ந்துகொண்டிருந்தான். போய்விடலாமா என்று யோசித்தார் போல, கதவையும் ஒரு முறை பார்த்தார். பிறகு, இடம் காலியாகக் கிடக்கிறதே என்பது போல, பழகின கால் அவரைக் கொண்டுபோய் ஜெயிக்கிற பக்கத்தில் நிறுத்திவிட்டது.

அண்ணி வெட்ட வந்தாள். நிஜமான வெட்டு. அவர் விலகினார், வெட்டினார், வாள் அவள் கழுத்தருகே விரல்கடை தூரத்தில் வந்து நின்றது. நன்றாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். அண்ணி கழுத்தைக் காட்டியபடியே அசையாமல் நின்றாள். கண் மட்டும் கீழே போயிற்று.

"இடது குதிகால் தூக்குது மாஸ்டர். கீழ வைங்க."

அவர் முகம் சிவந்தது, காது சிவந்தது. வாயைத் திறந்தார். ஆனால் நாங்கள் எல்லாரும் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குதிகால் கீழே இறங்கியது.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அன்றைக்கும் அவர் வாயிலிருந்து வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை. அண்ணியின் விரல் வீங்கிக் கருநீலமாகி, அந்த மாதம் முழுக்கக் கத்தரியை நான்தான் பிடித்தேன். என் கையால் முடி வெட்டிக்கொண்ட பெண்களிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவ்வளவு கோணல். அறிவிப்புப் பலகையில் இன்றைக்கும் மச்சான் பெயர்தான் இருக்கிறது. பரீட்சகர் அடுத்து எப்போது வருவார் என்று கேட்டால் மாஸ்டர் பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறார். அதையெல்லாம் நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

ஆனால் அன்று காலை மாஸ்டர் வாளைத் தட்டில் சாத்திவிட்டு ஜன்னலோரம் போனதும், மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "சரி, முதல்ல யாரு வர்றீங்க?" என்றான்.

டீச்சரம்மா எழுந்தாள். மச்சானைத் தாண்டிப் போய், அண்ணிக்கு எதிரே ஜெயிக்கிற பக்கத்தில் நின்று, வாளை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் துடைப்பம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வங்கிக்காரி வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் மருந்துக் கடைப் பெண், ஒருத்தர் பின் ஒருத்தராக வரிசை நீண்டது.

"நான் வேகமா வந்துட்டா என்னம்மா பண்றது? உங்க மேல பட்டுடாதா?" என்று டீச்சரம்மா கேட்டாள்.

"படாது, வாங்க" என்று சொல்லி அண்ணி வீங்கின விரலோடு வாளை ஓங்கினாள்.